அகராதியில் இல்லாத சொற்கள்

ஆங்கிலக் கதைப் புத்தகங்களில் அக்டோபர் வந்தால் இலை சிவந்து உதிரும். பெண்கள் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து பேய்க் கதை படிப்பார்கள். சவூதியில், நான் இருக்கிற தம்மாமில் அப்படி ஒன்றும் கிடையாது. நான் வேலை செய்கிற வீட்டு முற்றத்தில் நிற்பது ஒரே ஒரு பேரீச்சை. அது எந்தக் காலத்திலும் இலை உதிர்க்காது, ஆள் வைத்து ஓலையை வெட்டினால்தான் உண்டு. ஆனால் அக்டோபர் கடைசியில் ஒரு நாள், துணி காயப் போட மொட்டை மாடிக்குப் போகும்போது கொடிக்கம்பி கையைச் சுடாது. எனக்கு இலையுதிர் காலம் அன்றைக்குத்தான் ஆரம்பம். அன்றிலிருந்து மார்ச் வரை நான் படிப்பேன்.

என்ன படிப்பேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். எனக்கு வயது முப்பத்தாறு, நான் படிப்பது பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு எழுதிய மாயாஜாலக் கதைகள். வாள் பிடித்த பெண்கள், பேசுகிற ஓநாய்கள், செத்தும் சாகாத ராஜாக்கள். கூடவே பேய்க் கதையும். பக்கத்து வீட்டில் வேலை செய்கிற என் ஊர்க்காரி ஒருத்தி, இந்த வயதில் உனக்குச் சின்னப்பிள்ளைக் கதை கேட்கிறதா என்று ஒரு நாள் கேட்டாள். கேட்கிறதுதான். பெரியவர்களுக்கு எழுதிய கதைகளில் பெண்கள் பொறுத்துக்கொள்கிறார்கள், அழுகிறார்கள், கடைசியில் எல்லாரையும் மன்னித்துத் தொலைக்கிறார்கள். அதையெல்லாம் நான் நேரிலேயே நிறையப் பார்த்துவிட்டேன். எனக்குப் பதினாறு வயதில் கொடுத்தது தேயிலைக் கொழுந்துக் கூடை. அதே வயதில் வாள் கிடைத்தவள் என்ன செய்கிறாள் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை இருக்காதா?

நான் இலங்கை மலையகத்துக்காரி. பதினோராம் வகுப்பில் எழுதுகிற ஓ.எல். பரீட்சை வரை படித்தேன். ஆங்கிலத்துக்கு எஸ் எடுத்தேன், வெறும் பாஸ், அதுவும் எப்படி வந்தது என்று திருத்தியவரைத்தான் கேட்க வேண்டும். கல்யாணம் கட்டினேன், மூன்று வருஷத்தில் அதை விட்டு வெளியே வந்தேன். தம்மாமுக்கு வந்தது யாரையும் காப்பாற்ற இல்லை. என் சோற்றை நானே தேடிக்கொள்ள வேண்டும், எவன் வாசலிலும் போய் நிற்கக் கூடாது என்றுதான் வந்தேன். இந்த வீட்டில் மேடம் பள்ளிக்கூட ஆசிரியை, சாருக்குத் துறைமுகத்தில் வேலை, அவர்களுக்கு ஒரு மகள். மேடம் கெட்டவர் இல்லை. சாப்பாட்டில் கஞ்சம் கிடையாது, கத்தினாலும் பத்து நிமிஷத்தில் மறந்துவிடுவார்.

மகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. வெயில் தணிந்ததும் அவளும் பள்ளித் தோழிகளும் சேர்ந்து பயங்கரக் கதைகளாகத் தேடித் தேடிப் படிப்பார்கள், அந்த மாதத்து நாகரிகம் அது. சூப்பர் மார்க்கெட்டில் பல் வைத்த பேய்ப் பூசணிக்காய்ப் படம் போட்ட மிட்டாய்ப் பைகள் வருகிற நேரமும் அதுதான். ஆன்லைனில் புத்தகம் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். படித்து முடித்ததை லாண்டரி அறையில் இருக்கும் ஓர் அட்டைப்பெட்டிக்குள் வீசிவிட்டுப் போவாள். நான் வந்த முதல் வருஷமே அந்தப் பெட்டியிலிருந்து எடுத்துக்கொள்ளலாமா என்று மேடத்திடம் கேட்டேன். தாராளமாக எடுத்துக்கொள் என்றார். அலமாரித் தட்டில் விரிக்கக் காகிதம் கேட்கிறேன் என்று அவர் நினைத்திருக்கிறார். அது எனக்கு ரொம்பப் பிறகுதான் தெரிந்தது.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் வீடே தூங்கிப்போகும். இரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரை என் நேரம். லாண்டரி அறைக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு சின்ன அறை, ஒரு கட்டில், ஒரு ஜன்னல். முதல் புத்தகத்தின் முதல் பக்கத்தைத் தாண்ட நான்கு நாள் ஆனது. தெரியாத சொல் வந்தால் அதன் சத்தத்தைத் தமிழ் எழுத்தில் கொப்பியில் எழுதுவேன். நோட்டுப் புத்தகத்தை நாங்கள் கொப்பி என்றுதான் சொல்வோம். பிறகு போனில் உள்ள அகராதியில் தேடி, பொருளைப் பக்கத்தில் எழுதுவேன். யாரும் சொல்லித் தரவில்லை, சொல்லித் தரச் சொல்லி நான் யாரிடமும் கேட்கவும் இல்லை. முதல் கதை முடிய ஒரு குளிர்காலம் முழுக்கப் போனது. நான்காவது வருஷம் ஒரு புத்தகத்துக்கு மூன்று வாரம் என்று வந்து நின்றது. பேய்க் கதை என்றால் அதைவிடச் சீக்கிரம், ஏனென்றால் பயம் ஆளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போகும். அதுவும் எனக்குப் பிடித்த பயம். வேண்டாம் என்றால் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சட்டை தேய்க்கப் போகலாம்.

போன வருஷம் நான் படித்துக்கொண்டிருந்த கதையில் ஒரு கோட்டை வரும். ஒன்றுக்குள் ஒன்றாக ஏழு மதில், ஏழு கதவு. ஒவ்வொரு கதவும் அதற்குரிய வாசகத்தைச் சொன்னால்தான் திறக்கும். கதாநாயகிக்குப் பதினாறு வயது. வாசகங்களை ஒவ்வொன்றாகத் திருடிக்கொண்டு உள்ளே போகிறாள். ஏழாவது கதவுக்குப் பின்னால் செத்துப்போன அவளுடைய அக்கா இருக்கிறாள். அந்த வாசகங்களில் ஒரு சொல்கூடப் போன் அகராதியில் அகப்படவில்லை. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? இது சின்ன அகராதி, படித்தவர்கள் பேசுகிற பெரிய சொல்லெல்லாம் இதில் இருக்காது என்று நினைத்தேன். எழுதியவர் தன் பாட்டுக்கு ஒரு பாஷையை இட்டுக்கட்டியிருக்கலாம் என்பது என் புத்திக்கு எட்டவே இல்லை. அதனால் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ‘அகராதியில் இல்லாத சொற்கள்’ என்று தலைப்புப் போட்டேன். ‘ஒர்வெலா ஸிம்ராத்’, ‘காயெந்தில் மோரா’ என்று ஏழு வாசகத்தையும் தமிழ் எழுத்தில் எழுதி, மறந்துவிடக் கூடாதென்று ஒவ்வொன்றையும் மூன்று தடவை எழுதினேன். கோட்டை கண்ணுக்கு விளங்க வேண்டும் என்று நடுவில் ஏழு வட்டம் போட்டு, கதவு இருக்கிற இடமெல்லாம் புள்ளி வைத்தேன். அந்தப் பக்கத்தை அடுத்தவர் கண்ணில் படும்படி நான் வைத்திருக்கக் கூடாது.

ஏனென்றால் இந்த நாட்டில் சூனியம் விளையாட்டுப் பேச்சு இல்லை. அரபியில் அதற்கு சிஹ்ர் என்று பெயர். அந்தச் சொல் ஒருவர் வாயிலிருந்து விழுந்தால் அடுத்து வருவது போலீஸ். ஊரிலிருந்து எங்களை அனுப்பும் முன் நடந்த பயிற்சியில் வாஷிங் மெஷினைப் பற்றிச் சொன்னதைவிட இதைப் பற்றித்தான் அதிகம் சொன்னார்கள். கையில் நூல் கட்டாதே, தாயத்து கொண்டுபோகாதே, சீப்பில் வந்த முடியைச் சேர்த்து வைக்காதே. வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்து இறங்காவிட்டால் வேலைக்காரியின் தலையணையைத்தான் முதலில் தூக்கிப் பார்ப்பார்கள் என்றார்கள். நான் எல்லாவற்றையும் ஒழுங்காகக் கடைப்பிடித்தேன். என்னிடம் நூலும் இல்லை, தாயத்தும் இல்லை. கதைப் புத்தகத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அது ஒரு வெள்ளிக்கிழமை. அன்றைக்கும் சாருக்குத் துறைமுகத்தில் வேலை இருந்தது. மேடத்துக்கு ஓர் அக்கா உண்டு, பக்கத்து ஊரான அல்கோபாரிலிருந்து வெள்ளிதோறும் சாப்பிட வருவார். நான் அவரைப் பெரிய மேடம் என்பேன். மேசையில் விரலை வைத்து இழுத்துத் தூசி பார்க்கிற ஆள். அந்த வாரம் முழுக்க அவருக்குத் தலைவலி. சாப்பிட்டு முடித்ததும் சாய்ந்து படுக்க இன்னொரு தலையணை கேட்டு என்னைக் கூப்பிட்டிருக்கிறார். நான் அடுப்படியில் குழாயைத் திறந்துவிட்டுச் சோற்றுச் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்ததில் காதில் விழவில்லை. அவரே லாண்டரிப் பக்கம் வந்து, என் அறைக்குள் போய், கட்டிலில் விரித்தபடி கிடந்த கொப்பியைப் பார்த்துவிட்டார். அவர் போட்ட சத்தத்தில் சட்டி என் கையை விட்டு நழுவியது.

முற்றத்துக்கு வரச் சொன்னார்கள். பெரிய மேடம் கொப்பியை ஒரு டிஷ்யூ காகிதத்தால் ஓரத்தில் பிடித்திருந்தார், வாய் ஏதோ ஓதிக்கொண்டிருந்தது. மேடம் பக்கத்தில் நின்றார். யார் எழுதியது என்று கேட்டார், நான் என்றேன். என்ன இது என்றார், கதையில் வருகிற சொற்கள் என்றேன். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். தெரியாது, நானும் அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன் என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். ஆனால் அதைவிட மோசமான ஒரு பதிலை யோசித்துக்கூடச் சொல்லியிருக்க முடியாது. மேடத்தின் முகம் மாறிப்போனது. நான்கு வருஷம் அவர் தலைமுடிக்கு எண்ணெய் வைத்துவிட்ட என்னை, யாரோ மதில் ஏறிக் குதித்து வந்தவளைப் பார்ப்பது போலப் பார்த்தார். போலீசை விட எனக்கு அந்தப் பார்வைதான் வலித்தது.

ஹால் கதவருகே மகள் நின்றாள். ஏழு வட்டத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்கும் தெரிந்தது. அவள் படித்துவிட்டுப் பெட்டியில் வீசிய புத்தகம் அது. நான் அவளைப் பார்த்தேன். அவள் கையிலிருந்த போனைப் பார்த்தாள். அவளுக்கும் ஒரு பயம் இருந்தது. ஷைத்தான் கதையெல்லாம் இந்த வீட்டுக்குள் வரக் கூடாது என்று பெரிய மேடம் முன்பே ஒரு சண்டை போட்டிருந்தார், எல்லாம் பள்ளிக்கூடத்தில் படிக்கச் சொன்ன புத்தகங்கள் என்று இவள் சத்தியம் செய்திருந்தாள். அதனால் வாயைத் திறக்கவில்லை. பதினைந்து வயது, போகட்டும் என்று இப்போது சொல்கிறேன். அன்றைக்கு அப்படி நினைக்கவில்லை. அவளுடைய கதாநாயகிகளில் ஒருத்தியாவது இப்படி நிற்பாளா என்றுதான் நினைத்தேன்.

ஐந்து மணிக்குச் சார் வந்ததும் போலீசில் ஒப்படைத்துவிட வேண்டும் என்றார் பெரிய மேடம். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் எப்படிச் சொல்வது என்று மேடம் தயங்கினார். அப்போதுதான் அவருக்கு டிரைவர் ஞாபகம் வந்தது. வாசல் கேட்டுக்குப் பக்கத்து அறையில் இருக்கிறவர், சிவகங்கைப் பக்கத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். அந்த வீட்டில் பதினெட்டு வருஷம். என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். அக்காவும் தங்கையும் தலையில் ஷாலை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள், அவர் தலையைக் குனிந்தபடி வந்து நின்றார்.

கொப்பியின் முதல் பக்கங்களைப் புரட்டிப் பார்த்து, இங்கிலீஷ் பாடம் மாதிரி இருக்கிறது என்று அரபியில் சொன்னார். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. பெரிய மேடம் கடைசிப் பக்கத்தைக் காட்டிச் சத்தமாக வாசிக்கச் சொன்னார். தலைப்பை வாசித்துவிட்டு, "ஒர்வெலா ஸிம்ராத்" என்று ஆரம்பித்தவர் அப்படியே நிறுத்தினார். அடுத்த வரியை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். நெற்றி வேர்த்துவிட்டது. எழுத்து தமிழ்தான், பேச்சு தமிழ் இல்லை என்றார். அவர் மேல் பிழையில்லை, இருந்ததைத்தான் சொன்னார். அந்த நிமிஷத்தில் மட்டும் அவரைக் கடித்துவிடலாம் போல இருந்தது. மேலே வாசி என்றார்கள். நான்காவது கதவுக்கு வந்ததும் இருமினார், பெரிதாக இருமி, ஒரு வரியைத் தாண்டி ஐந்தாவதுக்குப் போய்விட்டார். எனக்கு உடனே விளங்கியது. நான்காவது கதவைக் காவல் காக்கிற சூனியக்காரிக்குப் பக்கத்தில் ‘நம்ம பெரிய மேடம் மாதிரி’ என்று எழுதி வைத்திருந்தேன். தலைப்பை விட்டால் அந்தப் பக்கத்தில் ஒழுங்கான தமிழ் அந்த ஒரு வரிதான். மனுஷர் அதை அப்படியே முழுங்கிவிட்டார்.

முழுங்கிவிட்டு என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார். "தங்கச்சி, ஒனக்கு எதுக்கும்மா இந்த வேண்டாத வேல? அந்தத் தாளக் கிழிச்சுப் போட்டுட்டு மன்னிப்புக் கேட்டுரு. கலாஸ், முடிஞ்சதுன்னு விட்டுருவாங்க."

அவர் என்ன சொன்னார் என்று மேடம் கேட்டார். அவர் அரபியில் சொன்னதும் மேடம் அதையே பிடித்துக்கொண்டார். அந்தத் தாளை நீயே கிழித்துவிடு, இனி எழுத மாட்டேன் என்று சத்தியம் செய், நான் சாரிடம் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்றார். அதில் கருணை இருந்தது, இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். பெரிய மேடம் முணுமுணுத்தாலும் மறுக்கவில்லை. டிரைவர் கொப்பியை என்னிடம் நீட்டினார். எல்லாரும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு தாள். கிழிக்க ஒரு நொடி போதும். கிழித்திருந்தால் வேலை இருக்கும், போலீஸ் இருக்காது.

நானும் கிழிக்கத்தான் பார்த்தேன். தாளின் ஓரத்தில் விரலை வைத்தும்விட்டேன். வைத்த பிறகுதான் கோபம் வந்தது. இந்தத் தாளை நான் கிழித்தால் அது சூனியம்தான் என்று நானே ஒத்துக்கொண்டதாகும். இன்றைக்கு மன்னிப்பார்கள். நாளைக்கு மகளுக்குக் காய்ச்சல் வந்தால், சாருக்கு வேலையில் ஏதாவது ஆனால், அன்றைக்குத் தாள் கிழித்தாளே அவள்தான் என்பார்கள். அதைவிட, இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் நடுவே கண்ணெரியப் படித்து நான் சேர்த்த எழுத்து அது. வேலைக்காரி எழுதினால் ஒன்று சாமான் பட்டியலாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சூனியமாக இருக்க வேண்டும். படித்திருப்பாள் என்று அங்கே நின்ற ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை. கிழிக்க மாட்டேன் என்று அரபியில் சொன்னேன். முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

பிறகு என் அறைக்குப் போய்ப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்தேன்.

"அண்ணே, நீங்க கொப்பிய வாசிங்க. நான் புத்தகத்த வாசிக்கிறேன்" என்றேன்.

அவர் அரண்டுபோய், மறுபடியும் அதை வாயால் சொல்ல வேண்டுமா என்றார். சொல்லுங்கள், வாய் கோணிக்கொள்ளாது என்றேன்.

முதல் கதவு வருகிற பக்கத்தை எடுத்து நான் ஆங்கிலத்தில் வாசிக்கத் தொடங்கினேன். அந்த வீட்டில் நான் ஆங்கிலம் வாசித்து அன்றுவரை யாரும் கேட்டதில்லை. என் உச்சரிப்பு ஒன்றும் ஒழுங்கில்லை, பாதிச் சொல்லை உடைத்து உடைத்துத்தான் சொன்னேன். ஆனால் நிறுத்தவில்லை. வாசகம் வந்ததும் புத்தகத்தைப் பார்த்துச் சொன்னேன், டிரைவர் கொப்பியைப் பார்த்து அதையே சொன்னார். ஒரே சத்தம். கதையில் அதுவரைக்கும் நடந்ததை மேடத்துக்கு அரபியில் இரண்டு வரியில் சொன்னேன். இரண்டாவது கதவு. மறுபடி நான் ஆங்கிலத்தில், அவர் தமிழ் எழுத்தில். மூன்றாவது கதவுக்குப் போவதற்குள் மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். நான்காவதில் டிரைவரும் நானும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. ஐந்தாவதில் அவருக்குப் பயம் போய்விட்டது, குரலை ஏற்றி இறக்கிக் கூத்துக்காரர் மாதிரி சொன்னார். ஏழாவதை இரண்டு பேரும் சேர்ந்தே சொன்னோம்.

ஒன்றும் நடக்கவில்லை. ஏசியின் வெளிப்பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. யாரும் மயங்கி விழவில்லை. பெரிய மேடத்தின் தலைவலி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

புத்தகத்தை மேடத்தின் மடியில் வைத்தேன். "மேடம், இந்தப் புத்தகம் இந்த வீட்டு வாசல் வழியாகத்தான் வந்தது. வேறொரு கையில் இருந்தபோது இது படிப்பு. என் கையில் இருந்தால் சிஹ்ரா?"

யாருடைய கை என்று நான் சொல்லவில்லை. சொல்ல வாய் துடித்தது, பல்லைக் கடித்துக்கொண்டேன். காட்டிக்கொடுப்பதைப் பற்றி அந்தப் புத்தகங்களில் எழுதியிருப்பதையெல்லாம் நானும் படித்தவள்தானே. மேடம் ஹால் கதவைத் திரும்பிப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை.

பெரிய மேடம் ஒத்துக்கொள்ளவில்லை. கதையோ மந்திரமோ, அதை வீட்டுக்குள் எழுதி வைத்தால் இரண்டும் ஒன்றுதான் என்றார். மேடம் கொப்பியை டிரைவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார், என் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார், சார் வரட்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். நான் துணி தேய்க்கப் போனேன். வேறு என்ன செய்வது? சாரின் சட்டைகள் கிடந்தன. மணி நாலரை. ஐந்து மணிக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போகப் போகிறார்களா இல்லையா என்று தெரியாமல் அவர் காலரை மடிப்பில்லாமல் தேய்த்தேன்.

அப்போது மகள் வந்தாள். கதவில் சாய்ந்துகொண்டு ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டாள். பிறகு, அந்த வாசகங்களுக்கு அர்த்தமே இல்லை, எழுதியவர் சும்மா இட்டுக்கட்டியது, நீங்கள் தேட வேண்டாம் என்றாள். சிரிக்காதீர்கள், அந்த நேரத்தில் எனக்கு வந்த முதல் ஆத்திரம் இதற்குத்தான். இரண்டு வாரம் தேடியிருக்கிறேன்! பக்கத்து வீட்டில் வேலை செய்கிற ஊர்க்காரியின் பெரிய போனை வாங்கிக்கூடத் தேடினேன். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தேன். அவளிடம் முதல் தடவையாக ஆங்கிலத்தில் பேசினேன். போய் உன் அம்மாவிடம் சொல் என்றேன்.

சொன்னால் பெரியம்மா எல்லாப் புத்தகத்தையும் தூக்கிப் போட்டுவிடுவார் என்று அவள் அழ ஆரம்பித்தாள்.

"உனக்குப் புத்தகம்தான் போகும். எனக்கு என்னவெல்லாம் போகும் என்று யோசித்தாயா?"

இலக்கணம் எப்படியிருந்ததோ தெரியாது, அவளுக்கு விளங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். போய்ச் சொல்லியும் விட்டாள், அந்த மட்டில் அவளை நான் மெச்சுகிறேன். சார் வந்தார். உள்ளே நீண்ட நேரம் பேச்சு நடந்தது. கடைசியில் அவர் லாண்டரி அறை வாசலில் வந்து நின்று, மாஃபி முஷ்கிலா, பிரச்சினை ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டுத் தேய்த்து வைத்த சட்டைகளை எடுத்துக்கொண்டு போனார்.

பிரச்சினை ஒன்றும் இல்லாமல் போகவில்லை. மகளின் புத்தகப் பெட்டியைப் பெரிய மேடம் நின்று பார்க்க டேப் போட்டு ஒட்டினார்கள், டிரைவரிடம் எங்காவது கொடுத்துவிடச் சொன்னார்கள். என் கொப்பி தன் அலமாரியிலேயே இருக்கட்டும் என்று மேடம் சொன்னார். தண்டனை இல்லை, அக்காவின் வாயை அடைக்கத்தான் என்றார். இனிமேல் எழுதாதே என்று அவர் சொல்லவில்லை, எழுதலாம் என்றும் சொல்லவில்லை. அப்படிப் பூசி மெழுகுவது எனக்குப் பிடிக்கவில்லை. போலீஸ் இல்லை, வேலை இருக்கிறது, வாயை மூடிக்கொண்டு இரு என்று என் ஊர்க்காரி போனில் சொன்னாள். ஆனால் கொப்பி அலமாரியில் பூட்டிக் கிடக்கும்வரை அது குற்றப் பொருள்தான். நான் குற்றவாளிதான், இரக்கப்பட்டு வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

மறுநாள் சாமான் வாங்கப் போகும்போது டிரைவர் ரேடியோவை நிறுத்திவிட்டுக் காரை ஓட்டினார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். சிக்னலில் வண்டி நின்றதும் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "ஏம்மா, அந்தப் புள்ள ஏழாவது கதவத் தொறந்து அக்காவப் பாத்துச்சா இல்லையா?" இன்னும் அறுபது பக்கம் இருக்கிறது அண்ணே என்றேன். முடித்ததும் சொல்லச் சொன்னார். அன்றைக்குச் சூப்பர் மார்க்கெட்டில் கோழிக்கும் தக்காளிக்கும் பிறகு என் காசில் ஒரு புதுக் கொப்பி வாங்கினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை பெரிய மேடம் வந்தார். சாப்பிட்டு முடிந்தது. காற்று நன்றாக இருந்ததால் அக்காவும் தங்கையும் முற்றத்தில் உட்கார்ந்தார்கள். மணி இரண்டு. எப்போதும் போல நான் என் அறைக்குப் போயிருக்கலாம். போகவில்லை. புத்தகத்தையும் புதுக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தேன். சுவரோரம் சும்மா கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து, அவர்களுக்கு எதிரிலேயே போட்டு உட்கார்ந்தேன். முதல் பக்கத்திலேயே தலைப்பு எழுதினேன். அந்தச் சொற்களுக்கு அர்த்தம் இல்லை என்று இப்போது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், புத்தகத்தைப் பார்த்து ஒவ்வொரு வாசகத்தையும் மூன்று தடவை எழுதினேன். ஏழு வட்டம் போட்டேன். இரண்டாவது வட்டம் கோணலாகப் போனது, அழிக்கவில்லை.

பெரிய மேடத்தின் கண் என் கொப்பியில் விழுந்தது. தங்கையைப் பார்த்தார். மேடம் நான் எழுதுவதைப் பார்த்தார், கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு கிண்ணத்திலிருந்து ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். பெரிய மேடம் போனைக் கையில் எடுத்தார். நான் பேனாவை நிறுத்தவில்லை. அவர் யாரையும் கூப்பிடாமல் அதைத் திரும்ப மடியில் வைத்தார். கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு, தனக்குத் தேநீர் வேண்டும் என்றார்.

நான் தலையைத் தூக்காமல், எழுதிக்கொண்டிருக்கிறேன், முடித்துவிட்டு வருகிறேன் என்றேன்.

அவர் காத்திருந்தார்.